மிளா கடித்த வேங்கை

முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக நின்றே கழித்த கிருஷ்ணமணிக்கு, ஓய்வு பெற்றதும் அசையாமல் நிற்கிற எதையாவது வளர்க்க ஆசை. கீரிப்பாறைப் பக்கம் காட்டை ஒட்டிய தன் விளையில் நின்ற பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு இருநூறு வேங்கை மரக்கன்று நட்டார்.

கன்று இடுப்பு உயரம் வந்ததும் மிளாக்கள் இறங்கின. மாட்டுக்கன்று பருமனுள்ள மான்கள். தின்று தீர்த்தாலாவது ஆறியிருக்கும். நுனிக் கொழுந்தை மட்டும் கடித்துவிட்டுப் போயின. நுனி போன வேங்கை நாலாகக் கிளைத்துப் புதராக நிற்கும், நேராக வளர்ந்து அறுக்கிற தடியாகாது.

அழுகின முட்டையைக் கரைத்துத் தெளித்தார். ஒரு மழையோடு போயிற்று. சலூனிலிருந்து முடி அள்ளிவந்து பொதியாகக் கட்டித் தொங்கவிட்டார். மிளாக்கள் மோந்து பார்த்துவிட்டுக் கொழுந்தைத் தின்றன. கடைசியில் குளச்சலுக்குப் போய்ப் பழைய மீன்வலை வாங்கிவந்து, விளையைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கட்டினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. ஆனால் இரண்டு மாதம் ஒரு மிளாவும் உள்ளே வரவில்லை.

"இனி பயமில்லட்டி," என்றார் மனைவி தாணம்மாளிடம்.

ஒருநாள் காலையில் இருவருமாகப் போனபோது வலையில் ஒரு பெண் மிளா கிடந்தது. தாண்டப் பார்த்திருக்கும். பின்னங்கால்களில் நைலான் இறுகி எலும்பு வெளுத்துத் தெரிந்தது. சினை வயிறு ஏறி ஏறி இறங்கியது.

"அறுத்து விடுங்கோ," என்றாள் தாணம்மாள். "பாத்துட்டு நிக்கியளே!"

வெட்டுக்கத்தியால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். மிளா முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. முடியவில்லை. வனத்துறைக்குப் போன் செய்தார். ஜீப் வருவதற்குள் அது செத்துப்போனது.

"கேஸு உண்டும் அண்ணாச்சி," என்றார் வந்த வனக்காவலர், முகத்தைப் பார்க்காமல்.

ஜீப்பில் வந்தவர்கள் மிளாவைத் தூக்கிக்கொண்டு போனதும் மிச்சமிருந்த வலையை எல்லாம் கிருஷ்ணமணியே அவிழ்த்துச் சுருட்டினார். யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

பத்து நாளில் மிளாக்கள் கூட்டமாக இறங்கிவிட்டன. இருநூறில் ஒன்றுக்குக்கூட நுனி மிஞ்சவில்லை.

"கம்பிவேலி போட்டுட்டு மறுபடியும் நடலாமில்லா?" என்றாள் தாணம்மாள்.

"வேங்கைக்கு நாப்பது வருஷம் வேணும் தாணம்மா. எனக்கு அறுவத்திரெண்டு கழிஞ்சாச்சு."

அதற்குப்பின் அவர் விளைக்குப் போகவில்லை.