மாடியில் யார் இருக்கிறார்கள்?

1

இந்தக் கதை எனக்கு வீட்டு வரி கட்டுகிற வரிசையில் கிடைத்தது. அன்றைக்கு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் கவுன்டர்க்காரரிடம் கேட்டாள்:

"நான் வாடகைக்கு இருக்கேன். ஹவுஸ் ஓனரோட வரியை நான் கட்டலாமா?"

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "யாரு கட்டினா என்னம்மா. வரி வீட்டுக்குத்தான், ஆளுக்கில்ல."

எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் வரியைக் கட்டிய கையோடு வாடகையை ஏற்றிவிடுவார்கள். ரசீதில் பெயர் அவர்களுடையது, பணம் நம்முடையது. தானாக வரிசையில் வந்து நின்று ஓனருக்காக வரி கட்டுகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். பேச்சுக் கொடுத்தேன். அவள் சொன்னதும், ஓட்டை விழுந்த இடங்களில் நான் ஒட்டுப்போட்டதும் சேர்ந்ததுதான் கீழே வருவது. (தையல் எங்கே என்று தேடாதீர்கள். நானே மறந்துவிட்டேன்.)

2

அவளுடைய வீட்டுக்காரருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர் வைத்து, முதலில் இப்படித் தொடங்கினேன்:

லிஃப்ட்காரர் ஒரு வடிகட்டின கஞ்சர். வரியை மிச்சம் பிடிக்க அவர் செய்த…

இதற்குமேல் பேனா ஓடவில்லை. மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் ஸ்பானரோடு படியேறி வருகிற மனுஷன் எப்படிக் கஞ்சராவார்? கஞ்சர் என்றால் ஒரு வாரமாவது இழுத்தடிக்க வேண்டாமா?

ஆகவே வேறு மாதிரி. அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். காலமெல்லாம் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் கொண்டுபோய் விட்டவர், தனக்கென்று கட்டியது ஒரே ஒரு மாடி. அதற்கும் செங்குத்தான படி. மனைவி போனபிறகு கீழே அவர் மட்டும். மாடியில் வாடகைக்கு இந்தப் பெண், இவளும் தனியாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. அவள் அவரை "சார்" என்பாள். அவர் "ஏம்மா" என்பார். அவ்வளவுதான் உறவு.

3

அவர்கள் ஊரில் ஒரு விதி. வீட்டுக்காரரோ அவர் குடும்பமோ குடியிருந்தால் வரி குறைவு. வாடகைக்கு விட்டால் கூடுதல்.

வரி ஆபீசிலிருந்து அளவெடுக்க ஆள் வந்தார். (அவரை டேப்காரர் என்று வைத்துக்கொள்வோம்.) கூடத்தை அளந்தார், அடுக்களையை அளந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"மாடியில யாரு இருக்காங்க? வாடகையா?"

"இல்ல. என் பொண்ணு."

கடைக்குக் கிளம்பிச் சாப்பாட்டு டப்பாவோடு இறங்கிக்கொண்டிருந்தவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"பேரு?"

லிஃப்ட்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு, தூரத்து ஊரில் இருக்கிற தன் மகளின் பெயரைச் சொன்னார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தவர் மாதிரி, சொன்ன வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டேப்காரர் படியைப் பார்த்தார். "நீங்கதானாம்மா அது?"

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. நேர்மையானவள் என்றால் "இல்லை" என்றிருக்க வேண்டும். நல்லவள் என்றால் "ஆமாம்". இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே அவளாக இல்லை. வரிசையில் அவளையே கேட்டிருந்தேன். "தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல" என்றாள். டேப்காரர் தனக்கு வசதியான பக்கமாக எடுத்துக்கொண்டார்.]

4

கடையில் நாள் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. லென்ஸைத் தேய்த்துக்கொண்டே, சாரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் மனசுக்குள் கேட்டுத் தீர்த்தாள். நாளைக்கு நான் இங்கே வாடகைக்கு இருக்கிறவள் என்று எங்கேயாவது காட்டவேண்டி வந்தால் எதைக் காட்டுவது? என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சாயங்காலம் அந்தக் கோபத்தோடுதான் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை.

"சார், நீங்க பண்ணது…"

"தப்புதாம்மா," என்றார். "அவ பேரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ நாளாச்சு. கடைசியில எதுக்குச் சொல்லியிருக்கேன் பாரு. வரியைக் குறைக்கிறதுக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளுக்குப் படிப்பின் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று போனில் சொல்லிவந்தார். பரீட்சை முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தார். மகள் வந்து சேர்ந்தபோது அம்மா பேசுகிற நிலையைத் தாண்டியிருந்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கணும்ப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன்பிறகு அவரிடம் பேசவில்லை.

"அவ நல்லதுக்குன்னுதான் மறைச்சேன்," என்றார் லிஃப்ட்காரர். "யாரோட நல்லதுக்குன்னு இப்ப யோசிச்சா பிடிபடல."

திட்ட வந்தவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

5

(இந்தப் பகுதியைச் சுருக்கமாகத்தான் எழுத நினைத்தேன். லிஃப்ட்காரர் விடவில்லை.)

மறுநாளே வரி ஆபீசுக்குப் போய், மாடியில் இருப்பது தன் பெண் இல்லை, வாடகைக்கு இருப்பவர் என்று திருத்தச் சொன்னார். டேப்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்லாத பொண்ணு, வராத தம்பின்னு எல்லாரும் சொல்றதுதான் சார். மாத்திச் சொல்ல யாரும் திரும்பி வந்ததில்ல. வரி ஏறும், பரவாயில்லையா?"

"ஏறட்டும். ஏத்தி இறக்கறது நமக்குப் பழக்கம்தானே."

வீட்டில் அதற்குப்பிறகுதான் சண்டை.

"மாடிக்கு ஏறினதை மாடியில இருக்கறவதான் கட்டணும் சார்."

"வீடு என்னுது, வரியும் என்னுது."

"அப்ப வாடகையை ஏத்துங்க."

"ஏத்தமாட்டேன்."

"நான் வேற வீடு பார்த்துக்கறேன்."

அவளுக்கே, ஏன் அப்படிச் சொன்னோம் என்றிருந்தது.

"சரி, நீயே கட்டு," என்றார் கடைசியில். "பதிலுக்கு எனக்கு ஒரு போன் போட்டுத் தா. நம்பர் இந்தப் போன்லதான் இருக்கு. கை போகமாட்டேங்குது."

6

என்ன பேசுவது என்று அவர் ஒத்திகை பார்த்தார். "நல்லா இருக்கியாம்மா" என்றால் இத்தனை நாள் கேட்காத கேள்வி. "மன்னிச்சிடு" என்ற சொல் வாசல்வரை வந்து திரும்பிப் போனது. (நானும் அவருக்குச் சில நல்ல வாக்கியங்கள் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றையும் அவர் தொடவில்லை.)

அவள் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். மணி போனது. எடுத்தார்கள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

லிஃப்ட்காரர் சொன்னார்: "வீட்டு வரி ஏத்திட்டாங்கம்மா."

பக்கத்தில் நின்றவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. இனிமே எது நடந்தாலும் சொல்லிடுவேன். சின்னதா இருந்தாலும் சொல்லிடுவேன்."

7

மகள் போனை வைத்துவிட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அழுதாள் என்று ஒன்று. "எவ்வளவுப்பா ஏத்தியிருக்காங்க?" என்று கேட்டாள் என்று ஒன்று, இதைத்தான் அடிக்க மனசே வரவில்லை, இருந்தும் அடித்துவிட்டேன்.

உண்மையில் என்ன சொன்னாள் என்பதை அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். நான் எழுதப் போவதில்லை. அது இரண்டு பேருக்கான பேச்சு. மூன்றாவது ஆள் கேட்டதே அதிகம், நான் நான்காவது.

ஆகவே நீங்கள்தான் மகள். போன் உங்கள் காதில் இருக்கிறது. அப்பா சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். அவர் எங்கேயும் போகவில்லை, அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறார். அவசரமில்லை.