பழுப்புத் தாளுக்குள் ஒரு முடிவு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஒரு நூலகத்தின் பதின்ம வயதினர் பிரிவுக்குப் புதுப் புத்தகங்கள் வந்த அன்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். பிள்ளைகள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்டார்கள், நல்ல பிள்ளைகள். பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். கதை அங்கேதான் கிடைத்தது.

2

முதல் வரி இப்படி வந்தது: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் இரண்டு தோழிகள்—

வேண்டாம். மழை பெய்யவில்லை. ஏசி ஒழுகியது, அடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். புதுப் புத்தகங்களை நூலகர் முன்கூட்டியே சில பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் படித்து, பழுப்புத் தாளில் சுற்றி, மேலே ஒரே ஒரு வரி எழுதி மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் அந்த வரியை மட்டும் பார்த்து எடுத்துப்போக வேண்டும். யார் சுற்றியது என்று மூச்சு விடக் கூடாது. விட்டால் அடுத்த முறை புதுப் புத்தகம் கிடையாது.

3

கண்ணாடி என்று ஒருத்தி. மூக்குக்கண்ணாடி பாதி முகத்தை மறைத்ததால் அந்தப் பெயர். வாயாடி என்று இன்னொருத்தி. காரணம் சொல்லத் தேவையில்லை. இருவரும் ஒரு தொடர்கதையை ஒரே பிரதியில் படித்துவந்தவர்கள், ஆளுக்கு ஒரு அத்தியாயம் சத்தமாக. போன பாகத்தில் கண்ணாடிக்குப் பொறுக்கவில்லை. தனியாகப் படித்து முடித்துவிட்டு வந்து, "அந்தத் தம்பி கடைசில—" என்று போட்டு உடைத்துவிட்டாள். அன்றைக்கு நின்றது பேச்சு. (நூலகர் என் காதில் சொன்னது. மீதியை எழுத மாட்டேன், உங்களில் யாராவது படிக்க வேண்டியிருக்கலாம்.)

இதற்கெல்லாமா சண்டை என்கிறீர்களா? உங்களுக்குப் பதினாலு வயது மறந்துவிட்டது.

4

இப்போது கடைசிப் பாகம் வந்திருக்கிறது. சுற்றும் வேலை கண்ணாடிக்கு. நான் சீக்கிரமே போய்விட்டதால் பார்த்தேன்: கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்க, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சு முடிச்சிட்டியா?" என்றார் நூலகர்.

"கடைசி அத்தியாயம் மட்டும் படிக்கல."

"ஏன்?"

"அத அவதான் முதல்ல படிக்கணும்."

தாளின் மேல் எழுதினாள்: இதன் முடிவு எனக்குத் தெரியாது.

5

வாயாடி வந்தாள். அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் எடுத்தாள்.

"முடிவு தெரியாதாமே! படிக்காமலே சுத்தி வச்சிருக்கு ஏதோ ஒரு சோம்பேறி!"

எல்லோரும் சிரித்தார்கள். அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு பதிவு வரிசைக்குப் போனாள். கண்ணாடி ஏசிக்கு அடியில் நின்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

ஒரு முடிவு: நூலகர் யாருக்கும் தெரியாமல் அந்தப் பொட்டலத்தை வாயாடியின் பைக்குள்— அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

இன்னொன்று: கண்ணாடி, "அது நான்தான்டி!" என்று கத்துகிறாள். அதுவும் ஆகாது. வாயைக் கட்டிக்கொள்ள அவ்வளவு பாடுபட்டவளை நான் எப்படிக் கத்தவைப்பேன்?

[அடிக்குறிப்பு: நானே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நூலகர் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.]

7

நடந்தது இதுதான். வரிசையில் நின்ற வாயாடி கையிலிருந்த பொட்டலத்தைப் புரட்டினாள். டேப் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. என்ன நினைத்தாளோ, மேசைக்குத் திரும்பி வந்தாள். சோம்பேறியின் பொட்டலத்தை எடுத்து ஓரத்தைக் கண்ணருகில் கொண்டுபோனாள். பல் தடம். பள்ளிக்கூடத்து அட்டை வேலை எல்லாவற்றையும் கண்ணாடியோடு ஒன்றாக உட்கார்ந்து ஒட்டியவள் அவள்.

மேலே இருந்த வரியை மறுபடி படித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. நேராக வாளிப் பக்கம் நடந்தாள்.

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

வாயாடி பொட்டலத்தை நீட்டி ஏதோ சொன்னாள். நாற்காலியில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

சொல்ல மாட்டேன். முடிவைச் சொன்னால் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் பார்த்தோமே. உங்களோடு பேசாமல் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வரியாக, சத்தமாக, நீங்களே முடியுங்கள்.