மூன்றாம் வரிசையில் சிரிப்பவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் வாசகரே, இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. யாரோ ஒரு பழைய துன்பியல் நாடகத்தைப் புதுப் பாணியில் மேடையேற்றி, அதைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து நானும் மனைவியும் அதைப் போட்டோம். நான் எழுத்தாளன், ஆகவே ரசனையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பல் டாக்டர். ராஜாவின் முகம் திரை நிறைய வந்ததுமே, மேல் வரிசையில் இரண்டு கட்டின பல், வேலை சுமார்தான் என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "துயரம் என்பது மனிதகுலத்தின் ஆதி

(அடித்துவிட்டேன். 'ஆதி' என்று எழுதினாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

2

நாடகம் இதுதான். கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான். அவனுக்குப் பின்னால் பகைவர் படை. ராஜாவோ, அவன் வாயால் 'அப்பா' என்று கூப்பிட்டால்தான் திறப்பேன் என்று உள்ளே நிற்கிறார். அவரே கூப்பிடட்டும் என்று மகன் வெளியே நிற்கிறான். தட்டுகிறான், தட்டுகிறான், வாயை மட்டும் திறப்பதில்லை.

புதுப் பாணியில் ராஜாவுக்குக் கோட்டு சூட்டு. கோட்டைக் கதவு இரும்பு ஷட்டர். அதைத் திறக்கும் ரிமோட் அவர் கோட்டுப் பையிலேயே இருக்கிறது.*

* மனைவி எங்கள் வீட்டு டிவி ரிமோட்டை அந்த ஷட்டரைப் பார்த்து நீட்டி, விடாமல் அமுக்கினாள். ஒரு துன்பியலுக்கு இவ்வளவு நேர்மையான விமர்சனத்தை நான் எங்குமே படித்ததில்லை.

3

ஷட்டர் கடைசியில் திறக்கிறது. மகன் கிடக்கிறான். கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்புகிறது. அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

மனைவி படத்தை நிறுத்தினாள்.

"என் தங்கச்சி. அந்தத் தெத்துப்பல்லப் பாருங்க. நேராக்கித் தரேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. தங்கை தன் கல்யாணத்துக்குப் போனில் செய்தி அனுப்பிக் கூப்பிட்டாள். நேரில் வந்து கூப்பிடவில்லை என்று இவள் போகவில்லை. கூடப் பிறந்தவளுக்கு அழைப்பு எதற்கு என்று அவள் சொன்னதாகக் கேள்வி. பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில்தான் இருக்கிறாள்.

திரையில் தங்கைக்கு ஒரு பக்கம் தூங்கிவிட்டவர், மறுபக்கம் பாப்கார்ன் தின்பவர். இதில் என் சகலை யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

இவ்வளவு சோகத்தில் எப்படிச் சிரிக்கிறாள் என்று கேட்டேன்.

"அவ சிரிக்கல. அழுக முட்டுச்சுன்னா அவளுக்குச் சிரிப்புதான் வரும். அம்மா போனப்பவும் இப்படித்தான் நின்னா. எல்லாரும் திட்டினாங்க. நான்தான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்."

4

அன்றிலிருந்து தினமும் அந்த நாடகம்தான். ராஜா செத்தால் என்ன, இருந்தால் என்ன, நேராகப் பார்வையாளர்களுக்குத் தாவிவிடுவோம். பிறகு அவள் கிளினிக்கிலும் அதையே போட்டாள். வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களெல்லாம் மூன்றாம் வரிசையைப் பார்த்தார்கள். ஒரு நோயாளி, அந்தப் பெண் பாத்திரம்தான் பிரமாதம், வசனமே இல்லாமல் அசத்துகிறாள் என்றார். அவருக்கு அன்று கடைவாய்ப் பல்லை மெதுவாகப் பிடுங்கினாளாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பிடிவாதக்காரியை வாசகர்

[நான் பிடிவாதக்காரி இல்லை. முறை தெரிந்தவள். — மனைவி]

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. தங்கை போன் செய்கிறாள். (மனைவி, அவளாவது செய்வதாவது என்றாள்.)

ஆ. அக்கா போன் செய்கிறாள். (சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.)

இ. இருவரும் ஒரே நொடியில் போன் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் லைன் பிஸி. எவளோடு இவ்வளவு பேச்சு என்று இருவரும் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவதை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அவள் படித்தாள், சிரிக்கவில்லை.

"நெஜமாவே இப்படி ஆயிருந்தா?" என்றாள். பிறகு, "எனக்கு அவளப் பாக்கணுங்க" என்றாள்.

6

இதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பக் கூடாதாம். தங்கையிடம் கொடுக்க வேண்டுமாம், முடிவை அவள் எழுதட்டுமாம். சரி, அதற்கென்ன என்று போனை எடுத்து அனுப்பப் போனேன். முறைத்தாள் பாருங்கள்!

"போன்ல அனுப்பினா அவ பண்ணதயேதான நாமளும் பண்றோம்? நேர்ல போய்க் குடுக்கணும்."

7

ஆகவே வாசகரே, இவ்வளவு நேரமும் உங்களை முகம் தெரியாத யாரோ ஒருவராக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. வாசகர் நீதான்மா.

இந்தப் பகுதியை உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேனாவால் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். உன் அக்கா கீழே வண்டியில் இருக்கிறாள். இறங்க மாட்டேன் என்கிறாள். நீ கூப்பிட்டால்தான் மேலே வருவாளாம். தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை.

நான் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ கூப்பிடலேன்னா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்துவிட்டாள், பாவம்.

உன் வீட்டுக்குத் தெருப்பக்கம் ஒரு சன்னல் இருக்கிறது, வரும்போதே பார்த்துவிட்டேன். இப்போது மணியை அடிக்கப் போகிறேன்.