ஆயிரம் பேரில் எஸ்லின்

எஸ்லின் இறந்து எட்டு மாதம் கழித்து அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. அவளோடு பெங்களூரில் ஆராய்ச்சி செய்த அனுப்ரியா, அதை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு வந்தாள்.

எஸ்லினின் அப்பா மைக்கேல்ராஜ், கியர் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ஃபர்னஸ் ஆபரேட்டர்; கியர்களை உலையில் சுட்டுக் கெட்டிப்படுத்தும் வேலை. தினமும் ஸ்கூட்டரில் பெங்களூர் போய் வந்த மகள் அத்திப்பள்ளிக்கு முன்னால் லாரியில் அடிபட்டுப் போனபின், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கிப் போய்விடுவார். இந்தப் பெண் வருகிறாள் என்றுதான் அன்று வீட்டில் இருந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. அவ என்னாத்த கண்டுபுடிச்சா?"

அனுப்ரியா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு ஈய அணுவோட கருவ பயங்கர வேகத்துல மோத விடுவாங்க அங்கிள். மோதின எடத்துல சூரியனோட நடுவுல இருக்கறத விட லட்சம் மடங்கு சூடு. அதுலேர்ந்து ஆயிரக்கணக்குல துகளுங்க செதறும். ஒவ்வொண்ணும் தன்பாட்டுக்கு ஓடுதா, இல்ல ஒண்ணு போற போக்குக்கும் இன்னொண்ணு போற போக்குக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஜோடி ஜோடியாப் பார்ப்போம். இருந்தா, செதறறதுக்கு முன்னாடி எல்லாம் ஒண்ணாக் கலந்து, அங்கங்க சூடு சமமாயிருக்கலாம்னு அர்த்தம்."

"எவ்ளோ நேரத்துல?"

"கண்ண மூடித் தெறக்கற நேரத்த கோடி கோடி கோடியாப் பிரிச்சா, அதுல ஒரு துணுக்கு."

"எங்க கியரு தொள்ளாயிரம் டிகிரில மணிக்கணக்கா கெடந்தாத்தான் சரிப்படும். அதெப்படி அவ்ளோ சீக்கிரம்?"

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. மெஷின் சில சமயம் ஒரே துகள ரெண்டாக் காட்டிடும். அந்தப் பொய் ஜோடிங்கள ரெண்டு வருஷம் உக்காந்து கழிச்சா எஸ்லின். கழிச்ச பின்னாடியும் சம்பந்தம் நின்னுச்சு. சூடு சமமா எறங்குச்சான்னு பார்க்கறதுதான் எங்கப்பா வேலையும்னு மொத நாளே எங்ககிட்ட சொன்னா."

மைக்கேல்ராஜுக்குப் பழைய கேள்வி ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "சூடு உள்ள வரைக்கும் எறங்குச்சுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று எஸ்லின் கேட்டாள். "வேலை முடிச்சு வந்தவன்கிட்ட வேலையப் பத்திப் பேசாத" என்று எரிந்து விழுந்தார். அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

"வெட்டிப் பார்ப்போம்" என்றார் இப்போது.

"என்ன அங்கிள்?"

"ஒரு கியர குறுக்க வெட்டி, பாலிஷ் போட்டு, ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் எடம் எடமா எவ்ளோ கெட்டியாயிருக்குன்னு பார்ப்போம். அப்பத்தான் தெரியும். இதச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆவுமா?" முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார்.

அனுப்ரியா தாள்களைப் புரட்டி, கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். உலகம் முழுக்க இருந்து அந்தச் சோதனையில் வேலை செய்த ஆயிரம் பேருடைய பெயர்கள். அவர் விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். கிடைத்தது. எஸ்லின் மைக்கேல்ராஜ். பக்கத்தில் பொடியாக ஒரு சிலுவை.

அவர் முகம் மலர்ந்தது. "நாம வேதக்காரங்கன்னு சொல்லிருந்தாளா? சிலுவ போட்டிருக்காங்களே!"

அனுப்ரியா உதட்டைக் கடித்தாள். "அங்கிள்... உயிரோட இல்லாதவங்க பேருக்கு அந்தக் குறி போடுவாங்க."

அவர் தலையாட்டினார். பிறகு விரலை நகர்த்தினார். வேறு பெயர்களிலும் அதே குறியைத் தேடி, பக்கம் பக்கமாகப் போனார். இன்னும் மூன்று இருந்தன.

"இவங்கெல்லாம் யாரும்மா?"

"தெரியல அங்கிள். வேற வேற நாடு. நான் பார்த்ததில்ல."

"இந்த மூணு பேரையும் எப்படிப் படிக்கணும்னு தமிழ்ல எழுதிக் குடு. அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச்சு பூசைல, எறந்தவங்களுக்காக வேண்டிக்கறப்ப சாமியார வாசிக்கச் சொல்றேன். எஸ்லினோட சேர்த்து நாலு பேரு."

அனுப்ரியா பேனாவை எடுத்தாள். முதல் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே எழுதினாள். அவரும் கூடவே சொல்லிப் பார்த்தார்.