ஒன்றைக் கழித்து எழுதியவன்

முப்பத்திரண்டு வயதில் கோபாலனுக்குப் படிப்புப் பித்துப் பிடித்துவிட்டது என்று ரிவியேர் டு ராம்பார் ஊரில் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பித்தும் இல்லை, பேராசையும் இல்லை. அவன் மனைவி தெய்வானையால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு வந்த கொள்ளைக் காய்ச்சலில், மூத்தவன் மருதை போய்விட்டான். ஏழு வயது. காய்ச்சலோடு நடு அறையில் ஐந்து நாள் கிடந்தான். அந்த அறையைத் தாண்டாமல் அடுப்படிக்குப் போக வழியில்லை. தெய்வானை ஒரு நாளைக்கு இருபது தடவை அதைத் தாண்டினாள். இருபது தடவையும் அவன் படுத்திருந்த மூலையைப் பார்க்காமல் தாண்டத் தெரியவில்லை அவளுக்கு.

இரண்டு ஆர்ப்பன் கரும்பு நிலத்தை நம்பிக் கிடக்கிற குடும்பம் நினைத்தபடி எங்கே கிளம்புவது? அப்போதுதான் சுயாக்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உதவி வாத்தியார் வேண்டும், இருக்க வீடும் தருகிறார்கள் என்று கோபாலன் காதில் விழுந்தது. இவர்கள் இருப்பது தீவின் வடக்கே, சுயாக் தெற்குக் கோடி. பரீட்சை ஒன்று எழுதித் தேற வேண்டும்.

"எழுதுங்க. எப்படியாவது என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடுங்க, மருதையப்பா," என்றாள் தெய்வானை. மகன் போன பிறகும் புருஷனை அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

பிரெஞ்சும் இங்கிலீஷும் கோபாலனுக்கு ஓரளவு வரும். கணக்கும் வரும். இயற்கணிதம்தான் கழுத்தைப் பிடித்தது. 'ஓர் எண்ணைவிட ஐந்து அதிகம்' என்பதை எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டு எழுது என்கிறது இரவல் வாங்கி வந்த புத்தகம். எந்த எண்? யாருடைய எண்? சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க அங்கே ஆள் இல்லை. கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையில் சிலேட்டை வைத்துக்கொண்டு, சாயங்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து முழிப்பான்.

"என்னதான் எழுதறீங்க?" என்று ஒருநாள் தெய்வானையே கேட்டாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது.

"நாம வாயால பேசறதைக் கணக்காக்கணும். எத்தனைன்னு தெரியாத இடத்துல எக்ஸ்னு ஒரு எழுத்துப் போடணும். எங்க, நீ ஏதாவது சொல்லு பார்ப்போம்."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "கோழி எத்தனை குஞ்சு பொரிச்சாலும் ரெண்டைக் கீரி தூக்கிட்டுப் போயிடுது," என்றாள்.

x − 2 என்று எழுதினான். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகம் ஒரு மாதமாகச் சொல்லித்தராதது ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. "நீங்க எத்தனை ரொட்டி தின்னாலும் உங்க சின்ன மக அதுல பாதி தின்னுடறா" என்பாள். இவன் இரண்டால் வகுப்பான். "உங்க தங்கச்சி ருக்மணி ஒண்ணு கேட்டா நாலு பதில் சொல்லுவா" என்பாள். இவன் நான்கால் பெருக்குவான். பெண்பிள்ளைகள் இரண்டும் சிரிக்கும். காய்ச்சல் வந்து போன பிறகு அந்த வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அந்தச் சாயங்காலங்களில்தான். கரும்பில் கவனம் போய்விட்டதே என்று பங்காளிகள் குறைசொன்னதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், "பெத்தது எத்தனையோ, அதுல ஒண்ணு குறைச்சுத்தான் தட்டு வைக்கிறேன்," என்றாள்.

நம் பெண்களிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டுப் பாருங்கள். செத்ததை விட்டுவிட்டு எண்ண மாட்டார்கள். பெத்தது மூணு, நிக்கிறது ரெண்டு என்றுதான் பதில் வரும். போனதும் கணக்கில் இருக்க வேண்டும். அதை விட்டுச் சொன்னால் வயிறு பொறுக்காது.

கோபாலன் x − 1 என்று எழுதினான்.

"அந்த எக்ஸு நானா?"

"நீ மட்டும் இல்லை. எந்தத் தாயா இருந்தாலும் இதான்."

"எல்லாத் தாய்க்குமா ஒண்ணு குறையுது?"

அவன் யோசித்தான். அவர்கள் சந்தில் பதினோரு வீடு. அந்தக் காய்ச்சலில் ஒரு பிள்ளையாவது போகாத வீடு ஒன்று இருந்ததா? "நமக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும்," என்றான்.

நவம்பரில் ரயிலேறி போர்ட் லூயிஸ் போய்ப் பரீட்சை எழுதினான். இயற்கணிதத்தில் பத்துக் கேள்வி. ஒன்பதை அடுப்படியிலேயே எழுதிப் பார்த்ததுபோல் எழுதினான். பத்தாவது இது: 'ஒரு தாய்க்கு x பிள்ளைகள். பிள்ளைக்கு மூன்று லிச்சிப் பழம் வீதம் கொடுக்கிறாள். மொத்தம் எத்தனை பழம்?'

இதைவிடச் சுலபமான கேள்வி அந்தத் தாளில் இல்லை. 3(x − 1) என்று எழுதிவிட்டு, முதல் ஆளாக எழுந்து வந்தான். சுயாக் வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தான், பாவம்.

மறு வாரம் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். வேலை குட்லண்ட்ஸ் ஊர்க்காரன் ஜான்-க்ளோட் என்பவனுக்குப் போயிற்று. அவன் பத்தும் சரியாக எழுதியிருந்தான், கோபாலன் ஒன்பது. மற்ற பாடங்களில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

திருத்திய பெர்னார் துரை கெட்டவர் இல்லை. தாளைத் திருப்பிக் காட்டி, "எல்லாம் சரியாக எழுதியவன் இங்கே மட்டும் ஏன் ஒன்றைக் கழித்தாய்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"செத்துப்போன பிள்ளை, மிஸ்யே."

"யாரும் செத்ததாகக் கேள்வியில் இல்லையே?"

"ஒரு தாய்க்கு இத்தனை பிள்ளைன்னு இருக்குதே, மிஸ்யே," என்றான் கோபாலன்.

எந்தத் தாய்க்கும் ஒன்று குறையும் என்று நினைத்தே எழுதியிருக்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவர் கேள்வியை மறுபடி ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தார். பிறகு தாளை மடித்து மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தெய்வானை பாத்திரங்களில் பாதியைக் கோணியில் கட்டி வைத்திருந்தாள். கோபாலன் அவள் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னான். அந்தக் கேள்வியையும் சொன்னான், தான் எழுதியதையும் சொன்னான். "மருதையை நினைக்காம எழுதியிருந்தா நாம போயிருக்கலாம், தெய்வானை. என் கை தன்னால ஒண்ணைக் கழிச்சுடுச்சு. உன்னை இங்கேயே கெடக்க வச்சுட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் கோணியின் கட்டை அவிழ்த்தாள்.

"நீங்க எழுதினதுல எனக்குப் போட்டுப் பாருங்க. எத்தனை பழம் வருது?"

"பெத்தது மூணு. ஒண்ணு போனா ரெண்டு. ஆளுக்கு மூணு, ஆறு பழம்."

"அவங்க கணக்குல?"

"ஒம்பது."

தெய்வானை தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"ஒம்பது வாங்கினா, ரெண்டு பேருக்கும் குடுத்தது போக மூணு என் கையிலேயே நிக்குமே, மருதையப்பா. அதை நான் யாருக்குக் குடுக்கறது?"

கோபாலன் அவளுடைய விரித்த கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, பெண்பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றும் பாராமல் வாய்விட்டு அழுதான்.