மேசைக் கழனி

விஜயகுமாரி அக்காவை ஜெயிக்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருஷமாக அவளிடம் தோற்றுக்கொண்டிருப்பவள் நான். முடியாது என்று சொல்கிற உரிமை எனக்குத்தான் உண்டு. நானே சொல்லவில்லை, மற்றவர்கள் யார் சொல்வதற்கு?

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். தவளக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரிட்டோ தன் 3டி பிரின்டரில் பிளாஸ்டிக்கில் அச்செடுத்துத் தருவான், நாங்கள் பெயின்ட் அடிப்போம். கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை. அதன்மேல் ஏரி, மேடு, தோப்பு, தெரு எல்லாம் செய்து வைத்து, இரண்டு பேர் இரண்டு படையை நிறுத்தி, பகடை உருட்டி, இஞ்ச் டேப்பால் அளந்து அளந்து நகர்த்திச் சண்டை போடுவோம். என் வீட்டுக்காரர் ஷரீப் இதற்கு வைத்த பெயர் பொம்மை வியாபாரம். லாபமில்லாத வியாபாரத்தை இவ்வளவு மும்முரமாகச் செய்கிற ஒரே ஆள் நான்தானாம்.

மேசை பாகூரில் அக்காவின் மோட்டார் கொட்டகையில் இருந்தது. அறுப்புச் சமயத்தில் வருஷ ஆட்டம் என்று ஒன்று வைப்போம். அதில் ஜெயிக்கிறவர் வீட்டில்தான் அடுத்த அறுப்பு வரைக்கும் மேசை இருக்கும், ஆடுகிறவர்கள் அங்கே போய்த்தான் ஆட வேண்டும். அக்கா ஜெயித்துக்கொண்டே இருந்ததால் மேசை அங்கிருந்து அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வில்லியனூரிலிருந்து நான்தான் பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன்.

இனிமேல் அது நடக்காது. ஷரீப் தவளக்குப்பம் ஜங்ஷனில் இரண்டாவது செருப்புக் கடையைத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் நான்தான் உட்கார வேண்டும். மேசை எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டால், வார நாளில் சாயங்காலம் கீழே இருக்கும் பழைய கடையை அவரிடம் விட்டுவிட்டு மாடியேறி ஆடிக்கொள்ளலாம். அக்காவும் பிரிட்டோவும் பஸ் பிடித்து வரட்டும், எத்தனை வருஷம் நான் பிடித்தேன். மேசை வராவிட்டால் எனக்கு ஆட்டமே கிடையாது. இதைப் போன வாரமே அக்காவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை இரக்கமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

"ஜெயிச்சி எட்த்துக்கினு போ. யாரு வாணான்றது?" என்றாள்.

அவள் அப்படித்தான். கரும்பும் நெல்லுமாகத் தனி ஆளாய் நின்று விவசாயம் பார்க்கிற பொம்பளை. வாய்க்கால் தண்ணீரைக்கூட யாருக்கும் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று பாகூரில் பேச்சு. மேசைமேலும் அதே ஆள்தான்.

ஆனால் அவளிடம் ஒரு பழக்கத்தை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அக்காவின் குதிரைகள் ஒரு தடவைகூட மேசையில் இருக்கும் நெல்லில் இறங்கியதில்லை. தலை போகிற அவசரமானாலும் வரப்பைச் சுற்றித்தான் போகும். அது நாரும் பசையும்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நிற்கிற பயிரை மிதிக்க அவளுக்குக் கை வராது. இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் தோற்கிற அவசரத்தில் இருந்தார்கள்.

வருஷ ஆட்டத்துக்குத் தரை போடுவது சவால் விடுகிறவரின் வேலை. நான் போட்டேன். என் கொடியை நட்டு, அதற்கு முன்னால் நீளமாக ஒரு கழனியை விரித்தேன். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி, ஒவ்வொன்றாக நிற்க வைத்து ஒட்டி, நுனியைக் கதிர் சாய்ந்த மாதிரி வளைத்துவிட்டேன். எப்போதும் பச்சைதான் அடிப்போம். இந்தத் தடவை மஞ்சள் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. கழனியின் இரண்டு பக்கத்து வரப்புக்கும் நேராகப் பீரங்கிகளை வைத்தேன். அக்கா சுற்றி வந்தால் சுடுவேன். நேராக வர மாட்டாள். சுற்றுகள் முடிவதற்குள் என் கொடியை அவள் தொடாவிட்டால் மேசை எனக்கு. இந்தத் திட்டத்தை நினைத்து நினைத்து பஸ்ஸிலேயே தனியாகச் சிரித்தேன், பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

அது தை மாதத்து வெயில், சுடாத வெயில். அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். எதிரியை மயக்கிவிட்டு ஆடுகிற ஆள் அவள், சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்டம் ஆரம்பிக்கும்போதே எனக்குக் கண் சொக்கியது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் ஒரே குரலில் ஓடியது. கூரை ஷீட்டில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டமாக மேசையில் விழுந்து கிடந்தது. சாட்சிக்கு என்று வந்த பிரிட்டோ உர மூட்டைமேல் சாய்ந்தவன், முதல் பகடை விழுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

முதலில் என் தோப்பு போயிற்று. தென்னை மரங்களுக்குள் ஒளித்து வைத்திருந்த ஆட்களை அக்கா எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, இரண்டே உருட்டலில் துடைத்துப் போட்டாள். பிறகு ஏரிக்கரைமேல் நின்றவர்கள் போனார்கள். செத்த சிப்பாய்களை எடுத்து மேசை ஓரத்தில் வரிசையாகப் படுக்க வைத்தேன். ஒவ்வொருவனுக்கும் மூக்கு, மீசை எல்லாம் வரைந்தவள் நான். அக்கா அவர்களைப் பார்க்கக்கூட இல்லை, டேப்பை இழுத்து அடுத்த அளவு எடுத்தாள்.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, மேசை பெரிதாகிக்கொண்டே வந்தது. வெயில் வட்டங்கள் மெல்ல நகர்ந்தன. ஒன்று என் பீரங்கியைத் தாண்டிக் கழனிக்குள் இறங்கியது. அது இறங்கிய இடத்தில் மஞ்சள் நெல் பளபளவென்று எழுந்தது, நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் இடுப்பு உயரத்துக்குக் கதிர். விளைந்த நெல்லின் வாசனை. எனக்குப் பக்கத்தில் நான் மீசை வரைந்த ஆள் ஒருத்தன் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டாவி விட்டான். தூரத்தில் எங்கோ ஏரி வழிகிற சத்தம். அது மோட்டார்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஏரிதான்.

எதிரே தூசு கிளம்பியது. அக்காவின் குதிரைகள். வானத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று இறங்கி, ஒரு குதிரையை அப்படியே தூக்கி இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துவிட்டுப் போயிற்று. எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தினம் மழை பெய்கிற ஊரில் மழையைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம். பயமாகவும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கழனிக்குள் இரண்டு எட்டு வைத்தேன். உள்ளங்காலுக்குக் கீழே மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெடிப்புகள் குறுகுறுவென்று காலில் பட்டன. யா அல்லாஹ், இப்படியே இருந்துவிடலாமே என்று நினைத்தேன். கடை இல்லை, சைஸ் கேட்டு நச்சரிக்கிற ஆள் இல்லை, எட்டாம் நம்பரில் பிரவுன் கலர் இல்லை. இந்த மண்ணில் இப்படியே நிற்கலாம்.

வளையல் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கடைசிச் சுற்று வந்திருந்தது.

என் பீரங்கிகள் தின்றதுபோக அக்காவிடம் குதிரைகள் மட்டும்தான் மிச்சம். இரண்டு வரப்பிலும் என் பீரங்கிகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. சுற்றிப் போனால் செத்தாள். நடுவில் கழனி, அதற்கு அந்தப் பக்கம் என் கொடி. மாடியில் மேசையை எந்த ஜன்னலோரம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அக்கா கழனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அந்த நார்க் கதிரை விரல்நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏதோ முணுமுணுத்தாள். தெரியாமல் சோற்றைக் காலால் மிதித்துவிட்டவள் கேட்கிற மன்னிப்பு மாதிரி இருந்தது. டேப்பை நெல்லின்மேல் நேராக இழுத்தாள். ஒரு சுற்றில் குதிரை போகிற முழு தூரம் சரியாகக் கொடியில் போய் முட்டியது. குதிரையைக் கையில் எடுத்தாள்.

எனக்குத் தூக்கமெல்லாம் பறந்துபோயிற்று. சேற்றில் குதிரை பாதி தூரம்தான் போகும், அது சட்டம், வைக்கா கீழே என்று கத்தினேன். பாதி தூரம் என்றால் குதிரைகள் கழனி நடுவிலேயே நின்றுவிடும். ஆட்டம் முடிந்தது, மேசை எனக்கு.

அக்கா கத்தவில்லை. குதிரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சேறாடி இது?" என்றாள். "தர போட்டவ நீ. நீ சொல்லு."

அதுவும் எங்கள் வழக்கம்தான். ஒரு தடவை ஏரி ஆழமா, முழங்கால் தண்ணீர்தானா என்று பிரிட்டோ ஒருத்தனோடு சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு பேசி வைத்தது. தரையில் சந்தேகம் வந்தால் தரை போட்டவர் சொல்வதுதான் தரை. அதன்மேல் பேச்சில்லை. இதுவரை எல்லாக் கழனியும் பச்சையாக இருந்ததால், நடவு வயல், சேறு என்றே வைத்துக்கொண்டோம், யாருக்கும் கேட்கத் தோன்றியதே இல்லை. விளைந்த கழனியை மேசையில் வைத்த முதல் ஆள் நான். அறுப்புக்கு நிற்கிற நெல்லில் யார் தண்ணீர் கட்டி வைப்பார்கள்? வடித்துக் காயவிட்டிருப்பார்கள். கொட்டகை வாசலில் நின்று பார்த்தால் அக்காவின் கழனியே அப்படித்தான் அறுப்பு மெஷினுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. அழகாக இருக்கட்டும் என்று மஞ்சள் அடித்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடையில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

ஆனாலும் சேறு என்று சொல்லலாம். ராத்திரி மழை பெய்தது என்று சொல்லலாம். வாய்க்கால் உடைந்தது என்று சொல்லலாம். என் தரை, என் மழை. பிரிட்டோ எழுந்திருக்கப்போவதில்லை. எழுந்தாலும் அவனுக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. அக்காவும் ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொள்வாள், எனக்குத் தெரியும். வருஷம் முழுக்க ரப்பர் வாசனையில் உட்கார்ந்து ரோட்டில் போகிற பஸ்ஸை எண்ணுவதா, மாடியில் சாயங்கால வெளிச்சத்தில் படையை நிறுத்துவதா? ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் என் உள்ளங்கால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"காஞ்ச கழனிக்கா," என்றேன். சொன்ன உடனே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா தலையாட்டினாள். குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து நெல்லைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு கதிர்கூடச் சாயாமல் அவ்வளவு பதமாக வைத்தாள். கடைசிக் குதிரையின் மூக்கு என் கொடியைத் தொட்டது. மேசை பாகூரிலேயே இருக்கும்.

நான் செத்த சிப்பாய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தேன். எப்போதும் ஜெயித்தவுடன் அக்கா என்னைச் சீண்டுவாள், தவளக்குப்பம் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பாள். இன்றைக்குச் சத்தத்தையே காணோம். நிமிர்ந்து பார்த்தேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் நான் பார்க்காத முகம்.

"இனிமே யாரு கூடடி ஆடுவேன் நானு?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை யோசிக்க இப்போதுதான் நேரம் கிடைத்ததா இவளுக்கு? போன வாரம் படித்துப் படித்துச் சொன்னேனே. அவ்வளவு ஆசை இருந்தால், சேறு என்று நினைத்துக்கொண்டு நீயே பாதியில் குதிரையை நிறுத்தியிருக்கலாமே, யார் கேட்டிருக்கப்போகிறார்கள், மேசை என் வீட்டுக்கு வந்திருக்குமே, நீயும் வந்திருப்பாயே என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். மூட்டைமேல் பிரிட்டோ புரண்டு படுத்தான்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைப் போய்க் கேட்கிறாளே என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எப்பிடிடி நிறுத்தறது?" என்றாள். "கழனி காஞ்சி கெடக்குதே."