முட்டைச் சுவர்

எங்கள் ஊர் கோர்ட்டுக் கட்டடத்தை யாராவது புகழ்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில் அதற்குப் பூச்சு வேலை செய்த கொத்தன் நான். துரை வந்து நின்றால் சுவரில் முகம் தெரிய வேண்டும் என்று உத்தரவு. சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்தால்தான் அந்த மினுமினுப்பு வரும். அதற்காகத் தலையாரி வீடு வீடாகப் புகுந்து, அடைக்கு வைத்திருந்த முட்டைகளைக்கூட அள்ளிக்கொண்டு போனான். மஞ்சள்கரு ஓவர்சியர் வீட்டு அடுப்புக்குப் போயிற்று. நாற்றம் மட்டும் எங்களுக்கு.

மறு வருஷம் ஒரு விரிசலைப் பூச அங்கே போயிருந்தேன். கொழுந்தன் பிடுங்கிக்கொண்ட நிலத்துக்காக வழக்குப் போட்டிருந்த ராயப்பன்பட்டி மதலேனாள், காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போய் அந்தச் சுவரில் சாய்ந்தாள். கோர்ட்டுச் சேவகன் பாய்ந்து வந்தான்.

"ஏ பொம்பள, தள்ளி நில்லு! செவரு அழுக்காயிரும். அய்யாமாரு பாத்தா வைவாக."

"எங்கோழி முட்டையப் பூசின செவருய்யா இது," என்றாள் அவள். "பிள்ளத்தாச்சியா இருந்த எம்மக ஒரு முட்டைக்கு ஏங்குனா. அவளுக்குக் குடுக்க விடாம இங்கன அள்ளிட்டு வந்தாக."

சேவகன் சிரித்தான். "என்ன கொத்தனாரே, செவத்துல முட்டையா இருக்கு?" என்று என்னைக் கேட்டான்.

ஓவர்சியர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கரணையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேய்ப்பு அருமையாகத்தான் அமைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்ற என் மூஞ்சி அதில் அப்படியே தெரிந்தது.